அம்மாவுக்குத் தைராய்டு கட்டி: மெடிக்கல் கார்டு பேனல்ல சரியான ஸ்பெஷலிஸ்ட்டை எப்படித் தேடுறது? (பிறை, பினாங்கு)

பிறை_மகள்
24 மார்ச், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு வயசு 57. ஆறு வாரமா குரல் கம்மிப் போயிருக்கு. தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக் கோயில்ல ராத்திரி முழுக்கப் பாடினதால தொண்டை கட்டிருச்சுன்னு அவங்களே சொன்னாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். வெந்நீர், அதிமதுரம், கற்பூரவள்ளி எல்லாம் பார்த்தாச்சு, குரல் வரல. போன சனிக்கிழமை எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதி) இருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சு முழுங்கச் சொன்னார். முழுங்குறப்ப வலது பக்கம் ஒரு கட்டி மேல ஏறி இறங்குறது எனக்கே தெரிஞ்சுது. இத்தனை நாள் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன், பார்க்கல. அன்னிக்கே ஸ்கேன் எடுத்தோம், 2.8 சென்டிமீட்டர். "ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னு சொல்லி லெட்டர் கொடுத்திருக்கார்.

அம்மாவுக்கு 2016ல எடுத்த மெடிக்கல் கார்டு (ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ்) இருக்கு. மாசம் 168 வெள்ளியில (ரிங்கிட்) ஆரம்பிச்சு இப்ப 312 வெள்ளி, ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்டிட்டு வர்றேன். எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு வேலையை விட்டுட்டார். ஆப்புல பினாங்கு பேனல் ஆஸ்பத்திரி (கார்டை ஏத்துக்கிற ஆஸ்பத்திரி) பட்டியல் வருது, ஆனா டாக்டர் பேர் ஒண்ணுகூட இல்ல. கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணி அரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்தேன். "ஆஸ்பத்திரி பேனல்தான், டாக்டரை நீங்கதான் தேடிக்கணும்"னு சொல்லிட்டாங்க.

லெட்டர்ல வெறுமனே "ஸ்பெஷலிஸ்ட்"னுதான் இருக்கு. காது மூக்கு தொண்டை டாக்டரா, சர்ஜனா, ஹார்மோன் டாக்டரா? தப்பான ஆளைப் பார்த்தா கார்டு கொடுக்காதா? டெஸ்ட் செலவு யார் கட்டுறது? அடுத்த வாரம் ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) லீவு வேற. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கிள்ளான்_அண்ணன்
24 மார்ச், இரவு 10:15

தங்கச்சி, பதினாலு வருஷம் இன்சூரன்ஸ் தொழில்ல இருந்தவன் சொல்றேன். முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்குங்க. நம்ம ஊர்ல தனிப்பட்ட மெடிக்கல் கார்டுக்குப் பேனல்ங்கிறது பெரும்பாலும் ஆஸ்பத்திரியோட போட்ட ஒப்பந்தம். அந்த ஆஸ்பத்திரியில முழு நேரமா கிளினிக் வெச்சிருக்கிற ஸ்பெஷலிஸ்ட் யாரா இருந்தாலும், அவர் அட்மிட் பண்ணினா ஆஸ்பத்திரி உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி ஜிஎல் கேட்கும். ஜிஎல்னா உத்தரவாதக் கடிதம்: "இந்த நோயாளியோட பில்லை நாங்க கட்டுறோம்"னு கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தர்ற வாக்கு. அதனால ஆப்புல டாக்டர் பேர் இல்லாதது குறை இல்ல. டாக்டரை ஆஸ்பத்திரி வெப்சைட்ல தேடணும், ஆஸ்பத்திரி பேனலான்னு ஆப்புல பார்க்கணும். அந்த வரிசையில செய்யுங்க.

டெஸ்ட் செலவு: கார்டு அட்மிஷனுக்குத்தான். வெளிநோயாளியா ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கிற காசு, ஸ்கேன், ஊசி டெஸ்ட் எல்லாம் முதல்ல நம்ம கைக்காசு. ஆனா அதே நோய்க்காக அட்மிட் ஆனா, அதுக்கு முன்னாடி குறிப்பிட்ட நாளுக்குள்ள ஆன ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸும் டெஸ்ட்டும் திரும்பக் கேட்கலாம். சில பாலிசியில 31 நாள், சிலதுல 60 நாள். பாலிசிப் புத்தகத்தை எடுங்க, "அட்மிஷனுக்கு முந்திய பரிசோதனை"ங்கிற பகுதியைப் பாருங்க. ரசீது எல்லாம் ஒரிஜினலா ஒரு கவர்ல போட்டு வைங்க. இந்த நாள் கணக்கு தெரியாம எத்தனையோ குடும்பம் ஆயிரக்கணக்குல விட்டதை நேர்ல பார்த்திருக்கேன்.

---

செந்தூல்_பையன்
24 மார்ச், இரவு 10:51

அண்ணன் சொல்றது சொந்தமா எடுத்த கார்டுக்கு. இதைப் படிக்கிறவங்க கம்பெனி கார்டு (வேலை செய்யிற இடத்துல கொடுக்கிறது) வெச்சிருந்தா தயவுசெஞ்சு கவனமா இருங்க லா. அது வேற மாதிரி.

எனக்கு முட்டி வலி. கே.எல்.ல ஒரு பேனல் ஆஸ்பத்திரிக்கு நேராப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். கவுண்டர்ல கார்டைக் காட்டினா, "பேனல் கிளினிக் லெட்டர் எங்கே?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணு வேணும்னே தெரியாது. வலி தாங்காம சரி நானே கட்டுறேன்னு எம்ஆர்ஐ எடுத்தேன். மொத்தம் 1,640 வெள்ளி. எச்ஆர்ல கேட்டா, லெட்டர் இல்லாமப் போனதால ஒரு காசு தர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த மாசம் கார் கட்டணத்துக்கு மச்சான்கிட்ட கடன் வாங்கினேன்.

அடுத்த தடவை ஒழுங்கா பேனல் கிளினிக்குக்குப் போய் லெட்டர் வாங்கிட்டுப் போனேன். டாக்டரைப் பார்க்க ஜிஎல் உடனே வந்துச்சு. ஆனா அந்த ஜிஎல் டாக்டரைப் பார்க்கிறதுக்கு மட்டும்தான். ஸ்கேனுக்குத் தனியா அனுமதி கேட்கணுமாம். அதுக்கு இன்னும் ரெண்டு நாள்.

அதனால கம்பெனி கார்டுக்காரங்க: முதல்ல பேனல் கிளினிக், அப்புறம் லெட்டர், அப்புறம் பேனல் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு பெரிய டெஸ்ட்டுக்கும் முன்னாடி "இதுக்கு அனுமதி வந்துச்சா?"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. நான் கேட்கல.

---

பில்லிங்_அக்கா
25 மார்ச், காலை 7:20

வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எழுதுறேன். நான் பினாங்குல ஒரு தனியார் ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டர்ல 11 வருஷமா இருக்கேன். எது எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க.

அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரு இடத்துல நிறுத்திச் சொல்லணும்: "முழு நேரமா இருக்கிற" டாக்டர்னு சொன்னார் பாருங்க, அது முக்கியம். சில டாக்டருங்க வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வந்து போவாங்க, அவங்க சொந்த கிளினிக் வேற இடத்துல இருக்கும். அந்தச் சொந்த கிளினிக் உங்க கார்டு பேனல்ல இருக்கணும்னு அவசியம் இல்ல. அதனால டாக்டர் பேர் தெரிஞ்சதும் ஆஸ்பத்திரி பொது நம்பருக்குப் போன் பண்ணி, அந்த டாக்டரோட கிளினிக்குக்கே லைன் கொடுக்கச் சொல்லுங்க. எடுக்கிற நர்ஸ்கிட்ட ரெண்டே கேள்வி: "டாக்டர் இங்க முழு நேரமா? இன்ன கார்டு, டாக்டர் இந்த கார்டு நோயாளியை அட்மிட் பண்ணுவாரா?" அந்த நர்ஸுக்குத் தெரிஞ்ச அளவு ஹாட்லைன்ல இருக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாது. எந்த கார்டுல எந்த டாக்டர் போன வாரம் யாரை அட்மிட் பண்ணினாருன்னு அவங்க விரல் நுனியில இருக்கும்.

இன்னொண்ணு, இதை நான் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்காம எழுதுறேன். டாக்டர் முதல்ல கேட்கிற கேள்வி "எவ்வளவு நாளா?" நம்ம அம்மாமாருங்க என்ன சொல்வாங்க? "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்." எத்தனை நாள்னு கேட்டா, "பல வருஷமாவே இப்படித்தான்." அப்படியே டாக்டர் எழுதிடுவார். அந்த ஒரு வரி ஃபாரத்துல போய் உட்கார்ந்துக்கும். கம்பெனி அதைப் பார்த்துட்டு, "பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்த நோயா?"ன்னு கேட்டு ஜிஎல்லை நிறுத்தி வைக்கும். நேத்து ஒரு பாட்டி, ஆப்பரேஷனுக்கு எட்டு மணி நேரம் பட்டினி இருந்துட்டு வந்தவங்க, என் கவுண்டர் முன்னாடி வீல்சேர்ல சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. காரணம் அந்த மாதிரி ஒரு வரி.

பொய் சொல்லச் சொல்லல. பொய் சொன்னா அது பின்னாடி பெரிய பிரச்சனை. உண்மையைத் தேதியோட சொல்லுங்க. எந்த மாசம் குரல் மாறுச்சு, எந்தத் தேதி கட்டி தெரிஞ்சுது, ஏற்கனவே என்ன நோய், என்ன மருந்து. ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. அம்மாவைப் பேச விடுங்க, ஆனா தேதியை நீங்க சொல்லுங்க.

அறையும் பார்த்துக்குங்க. உங்க பாலிசியில நாளுக்கு 150 வெள்ளி அறைன்னா, அறை காலி இல்லன்னு பெரிய அறைக்குப் போகும்போது கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. சில பழைய பாலிசியில பெரிய அறைக்கு மாறினா அறை வித்தியாசம் மட்டும் இல்ல, மொத்த பில்லுல 20 விழுக்காடு நம்ம தலையில வரும்.

---

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி
25 மார்ச், காலை 11:05

மகளே, நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவள். கார்டைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் முடிவாக வேண்டியது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். தைராய்டு கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்று அல்ல. ஆனால் குரலும் மாறியிருப்பதால் காத்திருக்கக் கூடாது. குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியே போகிறது. கட்டி அதை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது? ஹார்மோன் அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் ஹார்மோன் மருத்துவர். அளவு சரியாக இருந்து கட்டி மட்டும் பிரச்சனை என்றால் அறுவை மருத்துவர். அதிலும் எல்லா சர்ஜனும் ஒன்றல்ல. மார்பகமும் நாளமில்லாச் சுரப்பியும் பார்க்கும் தனிப் பிரிவு சர்ஜன்கள் இருக்கிறார்கள். தலை, கழுத்து அறுவையில் பழகிய காது மூக்கு தொண்டை சர்ஜன்களும் தைராய்டு செய்வார்கள். இருவரில் யாரானாலும் சரி, ஆனால் குரல் நாணைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவர்தான்.

ஆஸ்பத்திரி வெப்சைட்டில் பேரைப் பார்த்ததும் தேசிய நிபுணர் பதிவேட்டில் அதே பேரைத் தட்டிப் பாருங்கள். எந்தத் துறையில், எந்த உட்பிரிவில் பதிவு என்று அங்கே தெரியும். 2017 ஜூலையிலிருந்து நிபுணர் என்று சொல்லிக்கொள்ள மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவு வேண்டும். பிறகு நேரில் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், வருடத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள்?" நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொரு வேலையும் இன்றே செய்யுங்கள். அதே கிளினிக் லெட்டரின் நகலோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு தெமுஜான்ஜி, அதாவது சந்திப்புத் தேதி, வாங்கி வையுங்கள். செபராங் ஜெயா ஆஸ்பத்திரியோ பினாங்கு பொது ஆஸ்பத்திரியோ (ஜிஎச்), எது கிடைக்கிறதோ அது. குடிமக்களுக்கு அங்கே நிபுணர் கிளினிக் 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. தனியாரில் வழி அமைந்துவிட்டால் அந்தத் தேதியைப் போன் செய்து விட்டுக்கொடுங்கள், இன்னொருவருக்குப் போகும். கார்டு இழுத்தடித்தால் அம்மாவுக்குப் போக ஓர் இடம் இருக்கும். கார்டுக்காக நோய் காத்திருக்காது.

---

ஜூரு_வாசி
25 மார்ச், மதியம் 1:30

மிஸ்ஸி சொன்னதே போதும், நேரா அரசாங்கத்துக்குப் போங்க. நான் போன வருஷம் கார்டை நிறுத்திட்டேன். ஒரே தடவையில பிரீமியம் பாதிக்கு மேல ஏத்திட்டாங்க. வயசு 61, பென்ஷன்ல இருந்து எப்படிக் கட்டுறது? இருபது வருஷம் கட்டி, ஒரு தடவை டெங்கிக்கு மட்டும் படுத்தேன். இப்ப பிள்ளைங்க தலையில சுமை வைக்க எனக்கு மனசில்ல.

---

கிள்ளான்_அண்ணன்
25 மார்ச், மதியம் 2:48

ஐயா, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா நீங்க நிறுத்தினது 2024லன்னா, கதவு மூடலன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கேளுங்க.

2024 டிசம்பர்ல பேங்க் நெகாரா (நம்ம நாட்டு மத்திய வங்கி) ஒரு ஏற்பாடு அறிவிச்சுது. பிரீமியம் ஏத்தினா அதைக் குறைஞ்சது மூணு வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் ஏத்தணும், இது 2026 முடியுற வரைக்கும். 60 வயசோ அதுக்கு மேலயோ இருந்து அந்தத் திட்டத்துல குறைஞ்ச அளவு பாதுகாப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு ஏத்துறதை ஒரு வருஷம் தள்ளி வைக்கணும். விலையேற்றத்தால 2024ல பாலிசியை விட்டவங்க மறுபடி கேட்டா, புதுசா உடம்பு சோதனை கேட்காம எடுத்துக்கணும். உங்க கம்பெனிக்கு எழுத்துல எழுதிக் கேளுங்க ஐயா, வாய் வார்த்தையா வேண்டாம்.

திரும்ப எடுக்க வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணா அதுவும் உங்க உரிமை. ஆனா தெரியாம விட்டதா இருக்கக் கூடாது.

புதுசா எடுக்கிறவங்களுக்கு இன்னொரு தகவல்: 2024 செப்டம்பர்ல இருந்து, நோயாளியும் ஒரு பங்கு கட்டுற திட்டத்தையும் கம்பெனிங்க கண்டிப்பா வெச்சிருக்கணும். பில்லுல குறைஞ்சது 5 விழுக்காடு, இல்லாட்டி முதல் 500 வெள்ளி நாம கட்டுற மாதிரி. பிரீமியம் குறையும். அவசர சிகிச்சைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பங்கு கிடையாது. எடுத்தே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

---

ஜூரு_வாசி
25 மார்ச், மாலை 5:10

2024 அக்டோபர்லதான் விட்டேன். இது யாரும் எனக்குச் சொல்லல. கடிதம் எழுதுறேன். நன்றி தம்பி.

---

பிறை_மகள்
28 மார்ச், இரவு 8:33

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். நடந்ததைச் சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆப்புல இருந்த பேனல் ஆஸ்பத்திரி பேரெல்லாம் ஒரு நோட்டுல எழுதினேன். ஒவ்வொரு வெப்சைட்டுலயும் சர்ஜன் பட்டியலைத் திறந்து, தைராய்டு பார்க்கிறவங்களை மட்டும் குறிச்சேன். அஞ்சு பேர் வந்தாங்க. நிபுணர் பதிவேட்டுல பார்த்ததுல மூணு பேர் அந்த உட்பிரிவுல பதிவு. புதன்கிழமை வேலையில மத்தியான சாப்பாட்டு நேரத்துல கார் நிறுத்துற இடத்துல உட்கார்ந்து மூணு கிளினிக்குக்கும் போன் பண்ணேன். அக்கா சொன்ன அதே ரெண்டு கேள்வி. ஒருத்தர் வாரத்துல ஒரு நாள்தான் வர்றார். இன்னொருத்தர்கிட்ட அடுத்த தேதி மே மாசம். மூணாவது டாக்டரோட நர்ஸ், "உங்க கார்டு பிரச்சனை இல்ல, நாளைக்கு ஒருத்தங்க வரலன்னு சொல்லிட்டாங்க, மூணு மணிக்கு வர முடியுமா?"ன்னு கேட்டாங்க. தீவுக்குப் போற பாலத்து நெரிசலுக்குப் பயந்து ஒண்ணரைக்கே கிளம்பிட்டோம்.

தேதித் தாளை எழுதிக் கொண்டு போனேன். டாக்டர் அம்மாகிட்ட எவ்வளவு நாளான்னு கேட்டார். அம்மா வாயைத் திறந்து, "ரொம்ப..."ன்னு ஆரம்பிச்சாங்க. நான் தாளை நீட்டினேன். டாக்டர் அதை முழுசாப் படிச்சுட்டு, தன்னோட ஃபைல்ல பின் பண்ணிக்கிட்டார்.

அன்னிக்கே ஊசி போட்டுக் கட்டியில இருந்து சாம்பிள் எடுத்தாங்க. அடுத்த மாடியில காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண் அசையுது, ஆனா வலது பக்கம் கொஞ்சம் மெதுவா. ரிசல்ட் ராயாவுக்கு அப்புறம். எவ்வளவு தைராய்டு ஆப்பரேஷன் பண்றீங்கன்னும் கேட்டுட்டேன் மிஸ்ஸி. சிரிச்சுட்டே, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு சொன்னார்.

பாலிசியில முந்திய பரிசோதனைக்கு 60 நாள்னு போட்டிருக்கு. செபராங் ஜெயாவுல ஜூன் மாசத் தேதியும் வாங்கி வெச்சிருக்கேன்.

---

பில்லிங்_அக்கா
28 மார்ச், இரவு 9:02

நல்லா பண்ணியிருக்கீங்க. ஆப்பரேஷன்னு முடிவானா, அன்னிக்குக் காலையில கார்டைத் தூக்கிட்டு வராதீங்க. அவசரம் இல்லாத அட்மிஷனுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே டாக்டர் கிளினிக்குல ஃபாரத்தை நிரப்பி அனுப்பச் சொல்லுங்க. கேள்வி வந்தா பதில் சொல்ல நேரம் இருக்கும்.

---

பிறை_மகள்
17 ஏப்ரல், மாலை 6:20

மறுபடி உதவி வேணும். ஊசி டெஸ்ட்ல நாலாவது வகைன்னு வந்திருக்கு. புற்றா இல்லையான்னு ஊசியில சொல்ல முடியாது, வலது பாதித் தைராய்டை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம். ஏப்ரல் 27 அட்மிஷன், மறுநாள் ஆப்பரேஷன். பத்து நாளைக்கு மேல முன்னாடியே, 15ஆம் தேதி ஃபாரம் அனுப்பிட்டாங்க.

இன்னிக்கு ஜிஎல் நிறுத்தி வெச்சிருக்கிறதா சொல்றாங்க. காரணம், தாமான் கிளினிக் லெட்டர். அதுல "தொண்டைத் தொல்லை நீண்ட காலமாக"ன்னு எழுதியிருக்கு. நாள் கணக்கு இல்ல. ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தேதித் தாளைக் கொடுத்தேன், ஆனா அந்த முதல் லெட்டரை நான் ஒழுங்காப் படிக்கவே இல்ல. அம்மா அழுதுட்டாங்க, "நான் சொன்னதாலதான்"ன்னு. நிராகரிச்சுட்டாங்களா? என்ன பண்றது?

---

பில்லிங்_அக்கா
17 ஏப்ரல், மாலை 6:41

அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லுங்க. நிறுத்தி வைக்கிறது வேற, மறுக்கிறது வேற. விளக்கம் கேட்கிறாங்க, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையிலேயே தாமான் கிளினிக்குக்குப் போங்க. அம்மா அங்க எந்த வருஷத்துல இருந்து நோயாளின்னு டாக்டர்கிட்ட பழைய கார்டு இருக்கும். எப்ப எதுக்கு வந்தாங்க, கட்டி முதல்ல எந்தத் தேதியில தெரிஞ்சுது, குரல் மாற்றம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஒரு விளக்கக் கடிதம் கேளுங்க. பதிவுல இருக்கிறது மட்டும் எழுதட்டும். அதை ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டர்ல கொடுங்க, அனுப்பினதுக்கு அடையாளமா நகல்ல முத்திரை வாங்குங்க.

---

கிள்ளான்_அண்ணன்
17 ஏப்ரல், இரவு 7:15

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஒருவேளை ஜிஎல்லே வரலன்னாலும் கேட்புரிமை செத்துப் போகல. காசைக் கட்டிட்டு, பில், ரசீது, டாக்டர் அறிக்கையோட பின்னாடி திரும்பக் கேட்கலாம். அதையும் மறுத்தா கம்பெனியோட புகார்ப் பிரிவுக்கு எழுதுங்க. அவங்க கடைசி பதில் திருப்தி இல்லன்னா ஆறு மாசத்துக்குள்ள நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவைக்கு (இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற அமைப்பு) போகலாம். 2025 ஜனவரியில இருந்து அதுதான் பேர். இலவசம், வக்கீல் வேண்டாம். உங்க விஷயம் அந்த அளவுக்குப் போகாது. 2016 பாலிசி, இந்த வருஷம் வந்த குரல் மாற்றம், இதைத் தேதியோட காட்டினா நியாயமா கிடைச்சிடும்.

---

பிறை_மகள்
23 ஏப்ரல், மாலை 4:26

ஜிஎல் வந்துருச்சு!

தாமான் டாக்டர் 18ஆம் தேதி எழுதிக் கொடுத்தார். அவரே பழைய அட்டையைத் தேடி எடுத்தார், ஓரம் கிழிஞ்ச மஞ்சள் அட்டை. "நீண்ட காலம்"னு அவர் எழுதினது 2021ல இருந்து அம்மாவுக்கு இருக்கிற கேஸ்ட்ரிக், அதனால தொண்டையில வர்ற எரிச்சல். குரல் மாற்றம் இந்த பிப்ரவரியிலதான், கட்டி பதிவானது மார்ச் 22. ரெண்டும் வேறன்னு தெளிவா எழுதி, தன்னோட லெட்டரால இப்படி ஆனதுக்கு வருத்தம்னு சொல்லி, கடிதத்துக்குக் காசு வாங்கல. 21ஆம் தேதி அனுப்பினாங்க, இப்பதான் கிளினிக் நர்ஸ் போன் பண்ணாங்க.

---

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி
23 ஏப்ரல், மாலை 5:00

நல்லது மகளே. அறுவைக்கு முன் அம்மா சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. முடிந்த பிறகு கை விரல்களிலோ உதட்டைச் சுற்றியோ மரமரப்பு வந்தால் உடனே தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள். செபராங் ஜெயா தேதியை, அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு விட்டுக்கொடுத்தால் போதும்.

---

பிறை_மகள்
10 மே, காலை 10:12

அம்மா 30ஆம் தேதி வீட்டுக்கு வந்தாங்க. பில் 18,640 வெள்ளி, நாங்க கட்டினது பதிவுக் கட்டணமும் எனக்கு வாங்கின சாப்பாடும் சேர்த்து 74 வெள்ளி. நேத்து பயாப்ஸி ரிசல்ட் வந்துச்சு. புற்று இல்ல.

குரல் இன்னும் முழுசா வரல. டாக்டர் சில வாரம் ஆகும்னு சொன்னார். சாமி அறையில ஒரு வரி தேவாரம் முணுமுணுத்துப் பார்க்கிறாங்க, நிறுத்திக்கிறாங்க. செபராங் ஜெயா தேதியைப் போன வாரம் விட்டுக்கொடுத்துட்டேன் மிஸ்ஸி.

முந்திய செலவு ரசீதெல்லாம் கவர்ல இருக்கு: ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், ஊசி டெஸ்ட், கேமரா. மொத்தம் 1,385 வெள்ளி. இதை எப்ப அனுப்பணும்? இனி தையல் பார்க்கப் போற செலவு, ரத்த டெஸ்ட் செலவு?

---

பில்லிங்_அக்கா
10 மே, பகல் 12:40

கேட்கவே சந்தோஷமா இருக்கு.

முந்தின செலவை இப்பவே அனுப்பிடுங்க, காத்திருக்க வேண்டாம். கம்பெனி கேட்பு ஃபாரம், ஒரிஜினல் ரசீது, டிஸ்சார்ஜ் அறிக்கை, ஜிஎல் நகல். எல்லாத்தையும் அனுப்புறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்து வைங்க. முதல் ஸ்கேன் ஜெனரல் கிளினிக்குல எடுத்ததால அதை மட்டும் கேள்வி கேட்கலாம், ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்பின லெட்டர் நகலைக் கூட வைங்க.

பின்னாடி வர்ற செலவுக்கும் பாலிசியில நாள் கணக்கு இருக்கும், 60, இல்லாட்டி 90. டிஸ்சார்ஜ் தேதியில இருந்து எண்ணணும். பார்த்துச் சொல்லுங்க.

---

பிறை_மகள்
10 மே, பகல் 1:05

90ன்னு இருக்கு அக்கா. ஏப்ரல் 30ல இருந்து எண்ணினா ஜூலை 29. காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன். அடுத்த ரத்த டெஸ்ட் ஜூன் 12.